வீட்டு மாடி அறையில் தங்க வருபவர்களில் யாரை ஏற்பது, வந்தபின் எப்படிச் சமாளிப்பது?

கோத்தகிரியில் வீட்டு மாடியில் இருக்கும் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறீர்கள். கீழே வயதான அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். நீங்கள் வேலை நிமித்தமாகக் கோவையில். நாலு பேர் என்று புக் செய்தவர்கள் ஒன்பது பேராக வந்து இறங்கி, விடிய விடியப் பாட்டும் குடியுமாக இருந்து, மெத்தையைக் கறையாக்கி, போகிறபோது 'ஒரு ஸ்டார்தான் போடுவோம்' என்று மிரட்டியும் போயிருக்கிறார்கள். இந்த மாதிரி ஆட்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள். படித்துப் பார்த்தால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வருவதற்கு முன்னால் யாருக்கு 'இடமில்லை' என்று சொல்வது என்பது ஒன்று. வந்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு, நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில், 'போதும், நிறுத்துங்கள்' என்று யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் ஓரளவு சுலபம். நிஜமான தலைவலி இரண்டாவதுதான்.

நான் ஹோட்டல் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது குன்னூரில் சொந்த வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறேன். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே எழுதியிருப்பது தொழிலுக்காகத் தெரிந்துகொண்டது. பெரிய தொகை, கேஸ் என்று போனால் வக்கீலைப் பாருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொல்லை கொடுக்கும் விருந்தினர்களில் நிஜமாகவே கெட்ட எண்ணத்தோடு வருபவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலானவர்கள் தப்பான இடத்துக்கு வந்துவிட்டவர்கள். கேம்ப்ஃபயர், ஸ்பீக்கர், நண்பர்கள் என்று தனி காட்டேஜில் நடத்த வேண்டிய ராத்திரியை, கீழே ஒரு பெரியவர் மாத்திரை போட்டுத் தூங்கும் வீட்டின் மாடியில் நடத்துகிறார்கள். உங்கள் விளம்பரத்தில் 'மலைக்காட்சி, பால்கனி, அமைதியான சூழல்' என்று இருந்திருக்கும். கீழே குடும்பம் குடியிருக்கிறது என்பது கடைசி வரியில் இருந்ததா, இல்லவே இல்லையா? அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். அம்மா அப்பா வாசலில் நிற்கிற படம் ஒன்றையும் போடுங்கள். 'ஓ, வீட்டுக்காரங்க இருக்காங்களா' என்று பாதிப்பேர் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள். புக்கிங் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

அடுத்தது போன் விசாரணை. ஆளின் குணத்தை போனில் கண்டுபிடிக்க முயலாதீர்கள், அது யாராலும் முடியாது. பயணத் திட்டத்தைக் கேளுங்கள். எத்தனை பேர் என்றால் 'ஒரு நாலஞ்சு பேர் சார்' என்று வரும். நாலஞ்சு என்பது எண்ணிக்கையே இல்லை, மலை ஏறி வருவதற்குள் அது ஒன்பதாகிவிடும். பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, என்ன வயது என்று தனித்தனியாகக் கேளுங்கள். என்ன வண்டி என்று கேளுங்கள். நாலு பேருக்கு டெம்போ டிராவலர் என்றால் கணக்கு உதைக்கிறது. டிரைவர் உண்டா, அவர் எங்கே படுப்பார் என்று கேளுங்கள். இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்; ராத்திரி அவர் உங்கள் வராந்தாவில் நிற்பார், அம்மா போர்வை தேடுவார்கள். எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள், ராத்திரிச் சாப்பாடு வேண்டுமா, அடுத்த நாள் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கோடநாடு வியூபாயின்ட், கேத்தரின் அருவி என்று ஏதாவது சொல்பவர் ஊர் பார்க்க வருகிறார். 'சும்மா சார், ரூம்லயே ரிலாக்ஸ் பண்ணலாம்னு' என்கிற ஆறு பேர் குழு உங்கள் மாடியைப் பார்க்கத்தான் வருகிறது. அது தப்பே இல்லை, உங்கள் மாடிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

நீலகிரிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இ-பாஸ் எடுக்கும்போதே வண்டி விவரமும் ஆட்கள் எண்ணிக்கையும் கொடுக்க வேண்டும். புறப்படுவதற்கு முன் அதன் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உங்களிடம் நாலு என்றும் பாஸில் ஒன்பது என்றும் இருந்தால், பேச்சு அவர்கள் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் பேருந்தில் வருபவர்கள் ஒன்பது பேராக வந்து இறங்கி நான் பார்த்ததில்லை.

ஏர்பிஎன்பி மாதிரித் தளங்கள் வழியாக வந்தால் புக்கிங் உறுதியாவதற்கு முன் போன் எண் கிடைக்காது. அதே கேள்விகளைத் தளத்தின் மெசேஜிலேயே கேளுங்கள். அது ஒரு வகையில் நல்லதுதான், பிறகு தகராறு வந்தால் அந்த மெசேஜ்தான் சாட்சி. அங்கே பார்ட்டிகளுக்குத் தடையும் உண்டு. 2020 ஆகஸ்டில் உலகம் முழுவதற்கும் கொண்டுவந்து, 2022-இல் நிரந்தரமாக்கினார்கள். 'தளத்தின் விதியும் இதுதான்' என்று காட்டலாம், பழி உங்கள் மேல் வராது.

இனி ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்கிறேன். நம் ஊரில் 'விசாரிப்பது' என்றால் பெயரில் தொடங்கி, சொந்த ஊர், எந்தத் தெரு என்று போய்ச் சாதியில் நிற்கும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இதை 'உள்ளுணர்வு' என்று சொல்லிக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஒரே மாதிரியான கோரிக்கைகளைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர் பெயர் என்று தெரிந்தவர்களுக்கு இடம் கிடைப்பது சுமார் 16 சதவீதம் குறைந்தது. ஏர்பிஎன்பி 2018-இல் புக்கிங் உறுதியாகும் வரை விருந்தினரின் படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தது. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தீண்டாமை காரணமாக ஹோட்டலில் இடம் மறுப்பது குற்றம். அந்தச் சட்டத்தில் ஹோட்டல் என்ற சொல்லுக்குள் தங்கும் விடுதிகளும் அடங்கும். 'என் வீடு, என் இஷ்டம்' என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தவிர, தொழில் ரீதியாகவும் அந்த 'உள்ளுணர்வு' உதவாது. உங்கள் மெத்தையைக் கறையாக்கியவர்களை நீங்களே 'நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி தெரிந்தது' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

கல்யாணம் ஆகாத ஜோடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் ஒரே அறையில் தங்குவது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை இதைக் காரணம் காட்டிச் சீல் வைத்த வழக்கு அது. அறையில் மது பாட்டில் கிடந்ததையும் சேர்த்துக் காட்டினார்கள், அதுவும் எடுபடவில்லை. ஆகவே போலீஸ் வருமோ என்று பயந்து மறுக்கத் தேவையில்லை. என் அனுபவத்தில் ஜோடியாக வருபவர்கள்தான் வீட்டில் இருக்கும் இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கிறது என்றால் அது வேறு விஷயம். அதை அவரோடு பேசி முடிவெடுங்கள், வாசலில் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடையாள அட்டையில் மட்டும் சமரசம் வேண்டாம். புக் செய்தவருடையது மட்டும் போதாது, வரும் பெரியவர்கள் எல்லோருடையதும் வேண்டும். முன்கூட்டியே நகல் வாங்கி, வந்ததும் அசலோடு ஒப்பிட்டுவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆதார் என்றால் முதல் எட்டு எண்கள் மறைத்த மாஸ்க்டு ஆதார் போதும், கடைசி நாலு எண்ணும் படமும் தெரிந்தால் சரி. நோட்டில் பெயர், ஊர், வண்டி எண், வந்த நேரம், கையெழுத்து. 'ஒன்பது பேரும் கையெழுத்துப் போட வேண்டும்' என்ற ஒரு வரியே நாலு பேராகப் புக் செய்தவரை யோசிக்கவைக்கும். வெளிநாட்டவர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டும். தொழிலில் எல்லோரும் 'ஃபார்ம் சி' என்பது இதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டவர் தொடர்பாகப் புதிய சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. வீட்டு அறைதானே என்று இதில் அசட்டையாக இருந்தால் மாட்டுவது வீட்டுக்காரர்தான்.

இதோடு சேர்ந்தது உங்கள் பக்கத்துக் காகிதம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை, அதிகபட்சம் 12 படுக்கை வரை பதியலாம். உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளாட்சி அனுமதி தனி. அனுமதி இல்லாமல் நடந்த காட்டேஜ்களுக்கு நீலகிரியில் சீல் வைத்திருக்கிறார்கள். காகிதம் சரியாக இல்லாத வீட்டுக்காரர் நடுராத்திரி போலீஸுக்குப் போன் செய்யத் தயங்குவார், அந்தத் தயக்கத்தை ரகளை செய்பவர்கள் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

விதிகளைப் பற்றி. சுவரில் இருபது வரி எழுதி ஒட்டியிருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. நாலு விதி போதும், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கட்டும். 'இரவு பத்து மணிக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது' என்று எழுதினால் ஹாஸ்டல் வார்டன் பேசுவது போல இருக்கும். வந்தவுடன் தோட்டத்தின் ஓரத்தைக் காட்டி, 'அந்தத் தேயிலைப் பக்கமிருந்து கரடி வரும், சாப்பாட்டு மிச்சத்தை பால்கனியில் வைக்காதீர்கள், பத்து மணிக்கு மேல் முற்றத்துக்கு வராதீர்கள்' என்று சொல்லிப் பாருங்கள். கோத்தகிரியில் இது கதையும் இல்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் ஒன்பதரைக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். புகை, சத்தம், கூடுதல் ஆள், கரடி, இந்த நாலும்தான் விதி. கூடுதல் ஆள் வந்தால் தலைக்கு எவ்வளவு, எத்தனை பேருக்கு மேல் உள்ளே விடவே முடியாது என்பதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு 'சரி' பின்னால் நிறையப் பேசும்.

கேமரா வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டுக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் வையுங்கள், வைத்திருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தலை எண்ணுவதற்கு அது போதும். அறைக்குள்ளும் விருந்தினர் உட்காரும் பொது அறையிலும் கூடவே கூடாது. ஏர்பிஎன்பி வீட்டுக்குள் கேமராவை 2024 ஏப்ரல் 30 முதல் முழுதாகத் தடை செய்துவிட்டது. தளத்தை விடுங்கள், ஒருவரின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஜெயில் வரை போகும் குற்றம்.

இப்போது அந்த இரவு பதினொரு மணி. முதல் விதி, அம்மா மாடி ஏறக் கூடாது. குடித்திருப்பவர்கள் முன்னால் வயதானவர் போய் நின்றால், ஒன்று அவமானப்பட்டு இறங்குவார், இல்லையென்றால் பயந்து இறங்குவார். நீங்கள் கோவையிலிருந்தே புக் செய்தவரைக் கூப்பிடுங்கள். மற்றவர்களிடம் பேசாதீர்கள், பணம் கொடுத்தவருக்குத்தான் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். 'சத்தம் போடாதீங்க' என்பது காதில் ஏறாது. என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொல்லுங்கள்: 'சார், பாட்டு கீழே வரைக்கும் கேக்குது. ஸ்பீக்கரை நிறுத்திட்டு எல்லாரும் உள்ள போய் கதவைச் சாத்திக்கோங்க. பத்து நிமிஷத்துல நான் திரும்பக் கூப்பிடறேன்.' பத்து நிமிடத்தில் கூப்பிடவும் வேண்டும். பெரும்பாலும் இதோடு முடியும்.

முடியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரோ, தோட்டத்தில் வேலை பார்ப்பவரோ, இரண்டு பேராக மேலே போய் நிற்க வேண்டும். அதற்கான ஆளை இப்போதே பேசி வையுங்கள், மாதம் ஒரு தொகை கொடுத்தாலும் தகும். அவர்கள் சண்டை போடப் போகவில்லை, விளக்கைப் போட்டுவிட்டு, 'ஓனர் லைன்ல இருக்காரு, பேசுங்க' என்று போனைக் கொடுப்பதுதான் வேலை. அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது, 'காலையில் ஒன்பது மணிக்கு அறையைக் காலி செய்துவிடுங்கள், மீதி நாளுக்கான பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.' ராத்திரியே வெளியே தள்ளாதீர்கள். வண்டி ஓட்டப் போகிறவரும் குடித்திருப்பார், கீழே இருப்பதோ கொண்டை ஊசி வளைவும் காட்டெருமை குறுக்கே வரும் ரோடும். அவர்கள் உங்களுக்கு எவ்வளவு தொல்லை கொடுத்திருந்தாலும், அந்த ரோட்டில் அவர்களை அனுப்புவது சரியில்லை. அடிதடி, பெண்களிடம் அத்துமீறல், குழந்தைக்கு ஆபத்து என்றால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், நேரே 112 என்ற அவசர எண்ணுக்குப் போன்.

பாதியில் வெளியேற்ற உரிமை உண்டா என்றால், உண்டு. ஓரிரு நாள் தங்குபவர் சட்டப்படி வாடகைதாரர் இல்லை. 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தின்படி அவருக்கு இருப்பது லைசென்ஸ், அதாவது இருந்துகொள்ள அனுமதி. பொதுவாக அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதே சட்டத்தின் 63-ஆவது பிரிவு, வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது. 64-ஆவது பிரிவு, காசு கொடுத்தவரை அவர் மேல் தவறே இல்லாமல் வெளியேற்றினால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. அதனால்தான் காலை வரை நேரம், மீதிப் பணம், வாட்ஸ்அப்பில் பதிவு என்று வலியுறுத்துகிறேன். பணம் பாக்கி என்று பெட்டியைப் பிடித்து வைப்பது, வண்டிக்குக் குறுக்கே வண்டி நிறுத்துவது, கரண்டை அணைப்பது, அறையைப் பூட்டுவது எல்லாம் வேண்டாம். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அந்த நிமிடமே எதிர்ப்பக்கம் போய்விடும்.

மாதக் கணக்கில் தங்க வருபவர் கதை வேறு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கேட்கிறார்கள். வருமானம் சீராக இருக்கும் என்று ஆசை வரும். அங்கே லைசென்ஸா, வாடகையா என்பது பெயரை வைத்து முடிவாகாது, நடைமுறையைப் பார்ப்பார்கள். வாடகை என்று ஆகிவிட்டால் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வெளியேற்றவும் அந்தச் சட்டத்தின் வழிதான். இதற்குள் போவதற்கு முன் வக்கீலுக்கு ஒரு ஃபீஸ் கொடுத்துவிடுங்கள்.

மெத்தைக் கறை. ஒவ்வொரு முறையும் அறையைக் கொடுப்பதற்கு முன்னும் காலி செய்த பின்னும் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். மெத்தை, கீசர், டிவி, குளியலறைக் கண்ணாடி தெரிந்தால் போதும். ஏர்பிஎன்பி புக்கிங் என்றால் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் காலி செய்த 14 நாட்களுக்குள் வைக்க வேண்டும், பில்லும் படமும் இல்லாமல் நகராது. நேரடி புக்கிங்கில் டெபாசிட் வாங்கலாமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. சின்னத் தொகை வாங்குவது நல்ல விருந்தினரையும் எரிச்சலூட்டுகிறது, பெரிய தொகை கேட்டால் ஆளே வருவதில்லை. நான் நீர் புகாத மெத்தை உறை வாங்கிப் போட்டுவிட்டேன். டம்ளர் உடைந்ததற்கும் துண்டு காணாமல் போனதற்கும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஒரு ஸ்டார் மிரட்டலுக்குப் பணிந்து காசைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஏர்பிஎன்பியில் இரு தரப்பும் 14 நாட்களுக்குள் விமர்சனம் எழுதலாம், இருவரும் எழுதி முடிக்கும் வரையோ கெடு முடியும் வரையோ எதுவும் வெளியே தெரியாது. அவர்கள் மிரட்டிய மெசேஜைத் தளத்துக்கு அனுப்புங்கள். பதில் எழுதுவதென்றால் இரண்டு வரி: 'நாலு பேருக்கான புக்கிங்கில் ஒன்பது பேர் வந்தார்கள். இரவு சத்தத்தைக் குறைக்கக் கேட்டோம்.' அதோடு நிறுத்துங்கள். அதைப் படிக்கப்போவது அடுத்து வருகிறவர். அமைதி தேடி வருபவருக்கு அந்த ஒரு ஸ்டாரே நல்ல விளம்பரம்.

வாடகையை ஏற்றினால் தரமான ஆட்கள் வருவார்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அதிகம் கொடுத்தவர் அதிகம் கேட்பார். 'ஃபேமிலி ஒன்லி' போர்டும் அப்படித்தான்: நான்கு குடும்பம் சேர்ந்து வந்து போடும் சத்தத்துக்கு முன்னால் பைக்கில் வந்த இரண்டு பையன்கள் ஒன்றுமே இல்லை.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தீர்கள். மே மாதம் ஒரு பிறந்தநாளுக்காகப் பன்னிரண்டு பேர் இரண்டு அறையையும் சேர்த்துக் கேட்கிறார்கள், நல்ல தொகை, அட்வான்ஸும் அனுப்பிவிட்டார்கள், என்ன செய்வது என்று. இன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருப்பதைச் சொல்லி, தனி காட்டேஜ் நடத்துகிற தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் எண்ணையும் கொடுங்கள். சீசனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அவர்களுக்கு வேறு இடம் கிடைக்கும்.